குசினியில் படித்த டொச்

தில்லைநாதனின் வலது கையைத் தாதி இராசமலர் முதன்முதலாகக் கவனித்தது, அவன் நோயாளிகளுக்கான கஞ்சிப் பானையை இறக்கிவைத்துவிட்டுச் சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்ட ஒரு காலையில். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வேறு நிறத்தில் மினுங்கியது. எரிகாயம் ஆறிய இடம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் அவள் பார்த்துப் பழகிய எரிகாயங்களைப்போல அது சுருங்கி இழுபட்டிருக்கவில்லை. விரல்கள் ஐந்தும் நன்றாக விரிந்து மடங்கின.

"உந்தக் கையை ஆர் பாத்தது?" என்று கேட்டாள்.

"ஏன் மிஸ்ஸி?"

"தொடையிலை தோலெடுத்து ஒட்டியிருக்கினம், என்ன? இது இஞ்சை செய்த வேலையில்லை."

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டான். "ஓம். இது ஜேர்மனியிலை செய்தது."

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆடி மாதம். கொக்குவிலில், ரெயில் பாதைக்குப் பின்னால் உயர்ந்த மதில் சூழ்ந்த ஒரு பழைய வீட்டை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். இருபது கட்டில்கூட இல்லை. ஒரு டொக்டர், நான்கு தாதிகள். குசினியில் தில்லைநாதன். அவன் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கஞ்சியும் பாணும் பருப்பும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தபடியால் அவன் யார், எங்கே இருந்து வந்தவன் என்று அதுவரையில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

கேட்டபோது ஒளிக்காமல் சொன்னான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம் போனவன். ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணம். அங்கே ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினான். தொண்ணூறு தொடக்கத்தில் தாய்க்கு வருத்தம் கடுமை என்று அறிந்து பார்க்க வந்தான். தாய் கண்ணை மூடி முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை அடைபட்டது. அங்கே இருப்பதற்கு அவனுக்குக் கொடுத்திருந்த அனுமதியும் காலாவதியாகிப் போயிற்று.

"அப்ப உங்களுக்கு அவையின்ரை பாஷை, டொச் தெரியும்," என்றாள் இராசமலர்.

"கோப்பை கழுவுற டொச் தெரியும்."

அவள் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வார்ட்டுக்கு வந்தாள். வாளி அன்றைக்குப் பாரமாக இருக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால், மூத்த தாதி செபஸ்தியம்மா அவளிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். செபஸ்தியம்மாவின் தங்கை ஜேர்மனியில் கன்னியாஸ்திரி. அவர்களுடைய மடம் வயது போனவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி நடத்துகிறது. அங்கே தாதிகள் போதாது. மாசி மாதம் அளவில் அவர்களுடைய பெரிய சிஸ்டர் கொழும்புக்கு வருகிறார். படித்த தாதியாக இருந்து, கொஞ்சமாவது டொச் கதைத்தால், அவரே பார்த்துக் கூப்பிடுவார். "எனக்கு இனி நாக்கு வளையாது. நீ இளம்பிள்ளை," என்று செபஸ்தியம்மா சொன்னபோது இராசமலர் சிரித்தாள். கரண்ட் இல்லாத, தபால் ஒழுங்காக வராத யாழ்ப்பாணத்தில் டொச்சை எங்கே போய்ப் படிப்பது?

அவளுக்கு இருபத்தாறு வயது. உரும்பிராயில் தோட்டம் செய்யும் கதிரவேலுவின் ஒரே பிள்ளை. வெளிநாடு என்றால் அவளுக்கு நகையோ காரோ நினைவுக்கு வந்ததில்லை. அவளுடைய ஆசை வேறு மாதிரியானது. மருந்து அலுமாரியைத் திறந்தால் உள்ளே மருந்து இருக்க வேண்டும். சுவரில் உள்ள ஆளியை அழுத்தினால் லைற் எரிய வேண்டும். அப்படி ஓர் ஆஸ்பத்திரியில் ஒருநாளாவது வேலை செய்துபார்க்க வேண்டும். போன வருடம், இன்சுலின் கிடைக்காமல் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அவளுடைய கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் கடுமையான தாதியாகிவிட்டாள். ஊசி போடும்போதும் புண் கழுவும்போதும், "அசையாதேங்கோ, சத்தம் போடாதேங்கோ," என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அப்படிச் செய்தால்தான் வேலை நடந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்ட் அயர்ந்து கிடக்கும் நேரத்தில் குசினியில் படிப்புத் தொடங்கியது. அவன் சட்டிகளைத் தேய்த்தபடி சொல்லுவான். அவள் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையில் இருந்து திருப்பிச் சொல்லுவாள்.

"டெல்லர்."

"டெல்லர். சாப்பாட்டுக் கோப்பை."

"லொஃபெல்."

"கரண்டி."

"ஹைஸ், ஃபோர்சிக்ட். சூடு, கவனம். இதைத்தான் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுவினம்."

ஒரு மாதத்தில் ஒரு ரெஸ்ரோறன்ரை நடத்துகிற அளவுக்கு அவளிடம் சொற்கள் சேர்ந்துவிட்டன. உருளைக்கிழங்கை உரிக்கவும், நிலத்தைத் துடைக்கவும், கெதியாக வரச்சொல்லவும் அவளுக்குத் தெரிந்தது. வசனத்தின் முடிவில் 'கெல்' என்று ஒன்றைச் சேர்க்கவும் பழகிக்கொண்டாள். "அந்தப் பக்கத்து ஆக்கள் அப்பிடித்தான். எங்கடை 'என்ன' மாதிரி," என்றான் அவன். "மழை வரும், என்ன? அது மாதிரி."

உரும்பிராய்க்குச் சைக்கிளில் திரும்பும்போது சொற்கள் அவளோடு வந்தன. இருபக்கமும் செம்மண்ணில் வெங்காயம் நட்ட பாத்திகள். காற்று எதிர்த்து வீசினால் சொற்களைக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. எதிரே வருகிறவர்கள் பிள்ளை தேவாரம் பாடிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தார்கள்.

அவன் அந்தப் பட்டணத்தைப் பற்றியும் சொன்னான். தெருவின் நடுவே ஓடும் ட்ராம். மாலை நாலு மணிக்கே இருண்டுவிடும் மார்கழி. பனி கொட்டினால் முதலில் தெரிவது வெள்ளை நிறமல்ல, சத்தமில்லாமல் போவதுதான் என்றான். பிறகு அதில் நடந்தால் உப்பளத்தில் நடப்பதைப்போலக் காலுக்குக் கீழே நொறுங்குமாம். அன்றிரவு இராசமலர் கண்ட கனவில் அவர்களுடைய புகையிலைத் தோட்டத்தின் நடுவால் ட்ராம் ஒன்று மணியடித்துக்கொண்டு மெதுவாகப் போனது. ஐயா துலாவடியில் நின்று, தண்ணீர் வாய்க்காலை ட்ராம் மிதித்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைத்துண்டில் பனி விழுந்திருந்தது. அவள் விழித்த பிறகும் அந்த மணிச்சத்தம் கொஞ்ச நேரம் காதில் இருந்தது.

புரட்டாசியில் ஒருநாள், "நோகுதா எண்டு எப்பிடிக் கேக்கிறது?" என்று கேட்டாள்.

அவன் தேய்த்துக்கொண்டிருந்த சட்டியை நிறுத்தினான். "அது எனக்குத் தெரியாது மிஸ்ஸி. குசினியிலை ஆர் அதைக் கேக்கிறது?"

"எனக்கு அதுதானே வேணும். கரண்டியும் கோப்பையும் கதைச்சுக்கொண்டு நான் அங்கை என்ன செய்யிறது?"

அவன் சட்டியைக் கவிழ்த்தான். கையைத் துடைத்தான். முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றான். பிறகு, யாரோ சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறவனைப்போல, தாழ்ந்த குரலில், "டூட்ஸ் வே?" என்றான்.

"என்ன?"

"நோகுதா? அதுதான். டூட்ஸ் வே."

கொதித்த எண்ணெய்ச் சட்டி சரிந்து கையில் ஊற்றியபோது அவனுக்கு இருபத்துநாலு வயது. அந்தப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கனகாலம் கிடந்தான். ஒவ்வொரு காலையும் ஒரு தாதி வந்து கட்டவிழ்த்துப் புண்ணைக் கழுவிவிடுவாள். அவனுக்கு அப்போது பாஷை சரியாகப் பிடிபடவில்லை. அப்படியிருந்தும் அவள் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். இப்போது தண்ணீர் வருகிறது, குளிரும். இப்போது துணியை எடுக்கப்போகிறேன், கொஞ்சம் இழுக்கும். இன்னும் ஒரு துண்டுதான், முடியப்போகிறது. ஒருநாளாவது சொல்லாமல் அவன் கையைத் தொட்டதில்லை.

"எல்லாம் மறந்துபோச்சு எண்டு நினைச்சன்," என்றான். "இருக்குது."

அதற்குப் பிறகு படிப்பு மாறியது. அவன் பலகைக்கட்டையில் இருந்து கண்ணை மூடி, வலது கையை முன்னே நீட்டுவான். அவள் எதிரே இருந்து, அதில் இல்லாத ஒரு கட்டுத் துணியை அவிழ்ப்பாள். அவள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்பதை அவன் டொச்சில் சொல்லுவான், அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வாள். யெட்ஸ்ட் கொம்ட் வாசர். இப்போது தண்ணீர் வருகிறது. அடுப்பில் பருப்பு அடங்கிக் கொதித்தது. கூரையில் அணில் ஓடியது. அந்தச் சொற்களைச் சொல்லும்போது தன்னுடைய குரல் தாழ்ந்து, நிதானமாகி, வேறொருத்தியின் குரலாகி வருவதை அவள் கவனித்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"அவவின்ரை பேர் என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தெரியாது. சுவெஸ்டர் எண்டுதான் கூப்பிடுறது. எங்கடை மிஸ்ஸி மாதிரி."

"வடிவான ஆளோ?"

அவன் கண்ணைத் திறந்தான். "முகம் ஞாபகமில்லை மிஸ்ஸி. குரல் மட்டும்தான்." பிறகு சொன்னான்: "இப்ப அதுவும் குழம்புது. நினைச்சுப்பாத்தா உங்கடை குரல்தான் கேக்குது."

இராசமலர் எழும்பி, வார்ட்டில் மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மையில் நேரமாகியிருக்கவில்லை.

குசினிக்குள் படிக்க முடியாதவற்றை அவர்கள் ரெயில் பாதையில் நடந்து படித்தார்கள். தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கர் கட்டுவதற்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லும் புல்லுமாக நீண்ட மேடு மட்டும் மிச்சமாக இருந்தது. ஆட்கள் அதைக் குறுக்குப் பாதையாகப் பாவித்தார்கள். கொக்குவில் ஸ்டேஷனில் கூரை இருந்தது, கவுண்டர் இருந்தது, ஆடுகள் படுத்திருந்தன. தில்லைநாதன் கவுண்டருக்குள்ளே போய் நின்றுகொள்ளுவான். அவள் வெளியே நின்று டொச்சில் ரிக்கற் கேட்பாள்.

"எங்கை போறியள்?"

"ஸ்ருட்கார்ட்."

"போக மட்டுமோ, போய் வாறதுக்கோ?"

அவள் சொல்லைத் தேடினாள். போய்த் திரும்புவதற்கு ஒரு சொல் இருந்தது, அவன் சொல்லித் தந்தும் இருந்தான். அந்த நேரம் அது வாயில் வரவில்லை. அவன் கவுண்டர் கம்பிகளுக்குப் பின்னால் நின்று பொறுமையாகக் காத்திருந்தான். சாய்ந்த வெயில் கம்பிகளினூடாக அவன் முகத்தில் வரிவரியாக விழுந்திருந்தது. பலாலிப் பக்கமிருந்து பொம்மர் இரைச்சல் கேட்டது. இருவரும் பிளாட்ஃபோமில் குப்புறப் படுத்தார்கள். விமானம் வேறு எங்கோ சுற்றிவிட்டுப் போனது. எழும்பிப் புழுதியைத் தட்டிக்கொண்டபோது, "ட்சுறுக்," என்று அவளுக்குச் சொல் வந்தது. "போய் வாறதுக்கு."

அந்த நடை வீட்டுக்குத் தெரிய அதிக நாள் எடுக்கவில்லை.

"ஊரெல்லாம் கதைக்குது பிள்ளை," என்றார் கதிரவேலு, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு. "தண்டவாளமில்லாத பாதையிலை ஒரு பெடியனோடை நடந்து திரியிறியாம்."

"டொச் படிக்கிறன், ஐயா."

"டொச் படிக்கிறதுக்கு நடக்கவும் வேணுமோ? ஆர் அவன்? ஆற்றை பிள்ளை?"

"ஆஸ்பத்திரியிலை சமைக்கிறவர்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். தாய் மீனாம்பிகை படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், யாராவது கேட்கிறார்களோ என்று. "வெளிநாடும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்," என்றார் கதிரவேலு. "நீ ஒரேயொரு பிள்ளை. கடலிலை நேவி சுடுறான். உன்னைப் படகிலை ஏத்திப்போட்டு நாங்கள் இஞ்சை எப்பிடி இருக்கிறது?"

இராசமலர் வாதாடவில்லை. அவர் கோபத்தில் பேசியிருந்தால் வாதாடியிருப்பாள். அவர் பயத்தில் பேசினார்.

அவள் குசினிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். தில்லைநாதன் காரணம் கேட்கவில்லை. கஞ்சி வாளியை வார்ட் வாசலில் வைத்துவிட்டுப் போனான். ஆனால் பாஷை நிற்கவில்லை. கட்டில் விரிப்பை மடிக்கும்போதும், தண்ணீர் கொதிக்கவைக்கும்போதும் அது உள்ளே தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நித்திரை வரும் நேரத்தில், பெயர் தெரியாத அந்தப் பெண் ஒரு நீண்ட வெள்ளை விறாந்தையில் அவளுக்கு முன்னால் நடந்து போவாள். இராசமலர் பின்தொடர்வாள். அந்தப் பெண் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

கார்த்திகை மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு பின்னேரம், பொழுதுபடும் நேரத்தில் ஆஸ்பத்திரிக் கேற்றுக்குள் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து கதிரவேலு குதித்தார். பெட்டியில் பக்கத்து வீட்டுச் செல்வநாயகி கிடந்தாள். ஜாம் போத்தலில் திரி போட்டு எரிக்கும் விளக்கு வெடித்து, கழுத்திலும் இடது கையிலும் நெருப்புப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெயில் யாரோ எதையோ கலந்து விற்றிருக்கிறார்கள். சேலை தோலோடு ஒட்டிப்போயிருந்தது. டொக்டர் மானிப்பாய்க்குப் போயிருந்தார். நோவுக்குப் போடுவதற்கு ஊசி மருந்து இல்லை, பனடோல் மட்டும் இருந்தது.

செல்வநாயகி ஒருவரையும் கிட்ட வரவிடவில்லை. கையைத் தொட்டால் உதறினாள், கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். செபஸ்தியம்மா அவளுடைய தோள்களைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, கெதியாச் செய்," என்றாள்.

வழக்கமான சொற்கள் இராசமலரின் வாய் வரைக்கும் வந்தன. அசையாதேங்கோ. சத்தம் போடாதேங்கோ. அவள் அவற்றைச் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, செல்வநாயகியின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"மாமி, என்னைப் பாருங்கோ. நான் சொல்லாமல் உங்களைத் தொடமாட்டன். இப்ப தண்ணி ஊத்தப்போறன். குளிரும்."

ஊற்றினாள்.

"இப்ப சீலையை நனைக்கிறன். எடுக்கேல்லை, நனைக்கிறன் மட்டும். நோகுதோ?"

"நோகுது."

"ஓம், நோகும். இனி ஒரு துண்டை எடுக்கப்போறன். இழுக்கும். நான் மூண்டு சொல்லேக்கை எடுப்பன். ஐயா, லாம்பைக் கிட்டப் பிடியுங்கோ."

கதிரவேலு அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்தார். சுவரில் எல்லாருடைய நிழலும் பெரிதாக எழுந்தது. இராசமலர் சொல்லிச் சொல்லிச் செய்தாள். ஒவ்வொரு வசனத்தையும் அவள் முதலில் மனதுக்குள் டொச்சில் கேட்டாள், பிறகு தமிழில் சொன்னாள். அப்படித்தான் அவளுக்கு அந்த நேரம் இருந்தது. செல்வநாயகி உதறுவதை நிறுத்தினாள். அழுதாள், முனகினாள், ஆனால் கையை அவளிடம் விட்டுவைத்தாள். வாசலில் வெந்நீர்ச் சட்டியோடு தில்லைநாதன் நின்றான். அவன் உள்ளே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.

செல்வநாயகி பிழைத்துக்கொண்டாள். ஆனால் கழுத்துத் தோல் சுருங்கி, தலை ஒரு பக்கம் இழுபட்டுவிட்டது. தோலெடுத்து ஒட்டுவதற்கு அந்த ஆஸ்பத்திரியில் வசதி இல்லை.

அடுத்த நாள் இராசமலர் வேலை முடிந்து வெளியே வந்தபோது கதிரவேலு கேற்றடியில் சைக்கிளோடு நின்றார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மிதித்தார்கள். கோண்டாவில் தாண்டியதும் அவர் சைக்கிளை அவளுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"நீ அவளோடை கதைச்சியே," என்றார். "அப்பிடி ஒரு கதையை நான் உன்ரை வாயிலை முந்திக் கேக்கேல்லை."

"அதுதான் ஐயா நான் படிச்ச டொச்."

அவர் கொஞ்சத் தூரம் மிதித்தார். "அந்தப் பெடியன் சொல்லித் தந்ததோ?"

"ஓம்."

"அப்ப விட்ட இடத்திலையிருந்து படி," என்றார். பிறகு, தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு, "ஊரை விட்டுப் போக இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்கிறதுக்கு ஒரு ஆள் பிணை நிக்க வேணுமாம், என்ன? நான் நிக்கிறன்," என்றார்.

மாசி பிறந்து நாலைந்து நாளில் அவள் புறப்பட்டாள். தாய் வாசலில் கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசிவிட்டாள். வெளியே போக அப்போது இருந்த ஒரே வழி கிளாலி. அங்கே பொழுதுபட்ட பிறகு கடல்நீரேரியைப் படகில் கடந்து அக்கரைக்குப் போக வேண்டும். கதிரவேலு ஒரு சைக்கிள், இராசமலர் ஒரு சைக்கிள், பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு தில்லைநாதன் ஒரு சைக்கிள். அவனைக் கூப்பிட்டவர் கதிரவேலுதான். "பாரம் தூக்க ஒரு ஆள் வேணும்," என்று மட்டும் சொன்னார். தென்மராட்சியின் தென்னந்தோப்புகளுக்கு ஊடாக மணல் பாதையில் மூவரும் சைக்கிள்களை உருட்டினார்கள்.

கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் காத்திருந்தார்கள். கடல் என்று சொல்வதற்கில்லை. அசையாத, ஆழமில்லாத, சாம்பல் நிறத் தண்ணீர். வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கதிரவேலு படகுக்காரரோடு கதைக்கப் போனார். போனவர் தேவைக்கு அதிகமாக நேரம் எடுத்துக்கொண்டார்.

"நீங்கள் திரும்பப் போகப் பாக்கேல்லையோ?" என்று இராசமலர் கேட்டாள்.

"பாத்தன். கனதரம் யோசிச்சன்," என்றான் தில்லைநாதன். "அங்கை இருக்கேக்கை நான் ஆரோடையும் கதைக்கேல்லை. கோப்பையோடைதான் கதைச்சன். அந்த ஆஸ்பத்திரியிலை கிடந்த காலத்திலை மட்டும்தான் ஒரு ஆள் என்னோடை கதைச்சது. இப்ப இஞ்சை குசினியிலை ஆறேழு மாதம் கதைச்சிட்டன். எனக்கு இது காணும், போதும்."

"எனக்குக் காணாது," என்றாள் அவள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான்.  பிறகு, "கவனமாப் போட்டு வாங்கோ, இராசமலர்," என்றான். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

படகு கரையை விட்டு விலகியபோது அவள் திரும்பிப் பார்த்தாள். ஐயா கையைத் தூக்கியபடி நின்றார். தில்லைநாதன் ஒரு கையால் தன் சைக்கிளையும் மற்றக் கையால் அவளுடைய சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றான். இருள் அவர்கள் இருவரையும் ஒன்றாக மூடியது.

கொழும்பில், ஒரு கன்னியர் மடத்தின் வரவேற்பறையில், வெள்ளைக்காரப் பெரிய சிஸ்டர் கேள்வி கேட்டார். இராசமலர் பதில் சொன்னாள். அவர் இடையில் நிறுத்தி, "இந்த டொச்சை எங்கே படித்தாய்?" என்று கேட்டார்.

"குசினியில்," என்றாள் அவள், டொச்சில்.

பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு தன் கையை மேசையின் மேலே நீட்டினார். "நான் நோயாளி. இந்தக் கைக்குக் கட்டுப் போடவேண்டும். என்னோடு பேசு." இராசமலர் பேசினாள். அவர் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அவள் முடித்த பிறகும் அவர் கையை இழுத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அந்த வருடம் ஐப்பசியில் அவள் ஜேர்மனியில், ஸ்ருட்கார்ட் பக்கத்திலிருந்த அந்த மடத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆளியை அழுத்தினால் லைற் எரிந்தது. மருந்து அலுமாரியின் கதவை முதல் நாள் திறந்தவள் அதை மூட மறந்து நின்றாள். தட்டுத் தட்டாக, பெயரும் தேதியும் போட்டு, எல்லாம் இருந்தது. பக்கத்தில் நின்ற தாதி என்னவென்று கேட்டாள். "ஒன்றுமில்லை," என்றாள் இராசமலர். வார்ட்டில் கிழவர்களும் கிழவிகளும் அவளை 'எங்கள் பக்கத்துப் பிள்ளை' என்றார்கள். அவர்கள் பக்கத்துப் பேச்சு, அவர்கள் பக்கத்துக் 'கெல்'. நிறம் மட்டும் எங்கேயோ வெயிலில் போய்வந்தது என்று ஒரு கிழவி சொல்லிச் சிரித்தாள். மார்கழியில் பனி கொட்டியது. அவள் விறாந்தை யன்னலடியில் நின்று, சத்தம் இல்லாமல் போவதைக் கேட்டாள்.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபர் முடிவில், இராணுவம் நெருங்க, உரும்பிராயும் கொக்குவிலும் உட்பட வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் எழும்பி, மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது என்ற செய்தியை அவள் பி.பி.சி. தமிழோசையில் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஐயா, அம்மா எங்கே, இருக்கிறார்களா என்று தெரியவில்லை. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் செய்தாள். தன்னிடம் யாராவது ஒன்றைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாள்.

டிசம்பர் நடுவில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. செபஸ்தியம்மா.

"பிள்ளை, கொய்யாவும் கொம்மாவும் சுகம். முதல் அதைக் கேள். கொடிகாமத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்கினம்."

இராசமலர் சுவரோடு சாய்ந்தாள். ஐயாவும் அம்மாவும் இருக்கிறார்கள்.

"தில்லைநாதன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன்," என்றாள் செபஸ்தியம்மா. "ஆக்களெல்லாம் செம்மணிப் பக்கம் போய்க்கொண்டிருக்க, இவன் அந்தச் சனத்துக்குள்ளாலை எதிர்ப்பக்கம் உரும்பிராய்க்குப் போயிருக்கிறான். கொம்மாவைக் கரியரிலை வைச்சு உருட்டிக்கொண்டு, கொய்யாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்து சேந்தான். நல்ல மழை. இப்ப அதே பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சமைக்கிறான். கொய்யா பக்கத்திலையிருந்து வெங்காயம் உரிக்கிறார். ரண்டு பேருக்கும் ஒரே கதை."

"என்ன கதை?"

"ஆருக்குத் தெரியும். உன்னைப் பற்றித்தான் இருக்கும்."

"நீங்கள் திரும்பிப் போவியளோ அக்கா?"

"கண்ணுக்கு மருந்தெடுக்க வந்தனான். நத்தார்ப் பெருநாள் முடியப் போவன்."

"அப்ப ஐயாவிட்டை ஒண்டு சொல்லுங்கோ. நான் கலியாணம் கட்டிறதெண்டா தில்லைநாதனைத்தான் கட்டுவன். அவர் இஞ்சை வந்தாலும் சரி, நான் அங்கை வாறதெண்டாலும் சரி."

மறுமுனையில் செபஸ்தியம்மா சிரிப்பது கேட்டது. "கொய்யாவிட்டைச் சொல்லுறன். அவனிட்டை ஆர் சொல்லுறது?"

"அவரிட்டையும் நீங்கள்தான்."

"அவன் என்ன சொல்லுவானோ?"

"ஒண்டும் சொல்லமாட்டார்," என்றாள் இராசமலர். "கொஞ்ச நேரம் வெளியாலை பாத்துக்கொண்டு நிப்பார். நீங்கள் பொறுத்து நில்லுங்கோ, அக்கா. பிறகு சொல்லுவார்."